விளக்கு வைத்த பிறகு இரண்டு பேய்கள்

“நான் இன்னா பண்றது மாமி, அமெரிக்காவுல பொறந்த புள்ளைங்க. கேட்டா கேட்டதுதான்” என்று நான்காவது வீட்டு வாசலிலும் அதையே சொன்னார் தட்சிணாமூர்த்தி.

அவருக்குப் பின்னால் குடையோடு நின்றிருந்த மனைவி தாயாரம்மாளுக்குக் கால் கடுத்தது. மழை விட்டிருந்ததே தவிர, மாடம்பாக்கத்துத் தெருவெல்லாம் சேறு.

கொழுந்தனார் லோகநாதனின் பிள்ளைகள் லீவுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் ஊரில் ஹாலோவீன் என்று ஒரு பண்டிகையாம். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார்களாம், கதவைத் திறந்தவர்கள் மிட்டாய் தர வேண்டுமாம். இன்றைக்கு அந்தக் கூத்து நடந்தே ஆக வேண்டும், இரண்டும் அடம் பிடிக்கின்றன என்று மத்தியானம் தட்சிணாமூர்த்திதான் அடுப்படியில் வந்து சொன்னார். ஊறவைத்த அரிசியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

பெரியவள் அனுஷா கன்னத்தில் கரி பூசி, அட்டைக் கொம்பு கட்டியிருந்தாள். சின்னவன் தருண் பெரியப்பாவின் பழைய வேட்டிக்குள் இருந்தான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

அந்த வீட்டு அபிதகுஜாம்பாள் மாமிக்குப் பெரிய தர்மசங்கடம். விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, குழந்தைகளை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. சற்று யோசித்துவிட்டு, நிலைப்படியைத் தாண்டாமல் உள்ளே நின்றபடியே கையை நீட்டி ஆளுக்கொரு முறுக்கைப் பையில் போட்டார்.

மளிகைக் கடை ஜெயவேலு சிரித்தபடி கடலை மிட்டாய் எடுத்து வந்தான். “இன்னா அண்ணே, நீங்க வேஷம் கட்டலியா?”

“அவருக்கு எதுக்குத் தனியா வேஷம்” என்றாள் தாயாரம்மாள்.

தட்சிணாமூர்த்தி காதில் விழாதவர் போல நடந்தார். முட்டி வலிக்கிறது, திரும்பலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இன்னும் மாந்தோப்புத் தெரு ஒன்றுதான் பாக்கி என்றார் அவர்.

அவள் அங்கேயே நின்றாள். மாந்தோப்புத் தெருவின் கடைசி வீட்டில்தான் செல்லி குடியிருந்தாள். அவர்களுடைய ஒரே மகள்.

கோவளத்து மீனவர் வீட்டுப் பையன் கோபுவைச் செல்லி கட்டிக்கொண்ட அன்று, தட்சிணாமூர்த்தி அம்மன் சன்னதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். மகள் வீட்டு வாசலுக்குத் தானும் போவதில்லை, பெண்சாதியையும் அனுப்புவதில்லை என்று. அதற்குப் பிறகு மகள் பேரையே அவர் எடுத்ததில்லை. இப்போது அவள் நிறைமாசமாக இருப்பதைக் காய்கறிக்காரி வந்து சொல்லித்தான் தாயாரம்மாள் தெரிந்துகொண்டாள். தலைப்பிரசவம், ஒரு தடவை பார்த்துவிட்டாவது வருகிறேனே என்று அழுதாள். அவர் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

“அந்தத் தெருவுலயா?” என்றாள் மெதுவாக.

“புள்ளைங்க கேக்கும்போது நான் இன்னா பண்றது? கடைசி வூட்டுக்கு மட்டும் போவாம பாத்துக்க.”

அவள் பார்த்துக்கொள்வதற்குள் பேய்கள் இரண்டும் ஓட்டம் பிடித்தன. நடுவில் ஒரு வீட்டிலும் நிற்கவில்லை. கடைசி வீட்டுக் கதவு திறந்தது, பிள்ளைகள் உள்ளே போனார்கள். போனவர்கள் வரவில்லை.

தட்சிணாமூர்த்தி விளக்குக் கம்பத்தடியில் நின்று முதுகைத் திருப்பிக்கொண்டார். “இன்னா பாத்துகினு கீற? போய்ப் புள்ளைங்கள இட்டுகினு வா. சட்டுனு.”

தாயாரம்மாள் போனாள். இடுப்பில் கையை ஊன்றியபடி கதவோரம் நின்றிருந்தாள் செல்லி. முகம் ஒட்டி, வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது.

“வாம்மா” என்றாள்.

தாயாரம்மாள் படிக்கு வெளியே நின்றே பிள்ளைகளைக் கூப்பிட்டாள். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த இரண்டும் அசையவில்லை. அதட்டினாள், கெஞ்சினாள். வேட்டி ஓட்டை வழியாக இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் படியைத் தாண்டி உள்ளே போனாள்.

போனவள் பிள்ளைகளைத் தூக்கவில்லை. மகள் வயிற்றில் கையை வைத்தாள். கூட இருக்க யார் வருகிறார்கள் என்று கேட்டாள். மாமியார் கோவளத்திலிருந்து வருவார், ஆனால் மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு அவரால் அதிக நாள் இருக்க முடியாது என்றாள் செல்லி.

“நீ வருவியாம்மா?”

தாயாரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பிள்ளைகளோடு வெளியே வந்தாள்.

நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று பயந்துகொண்டேதான் கம்பத்தடிக்கு வந்தாள். தட்சிணாமூர்த்தி அவள் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டு, சேறு இல்லாத ஓரமாகப் பார்த்து முன்னால் நடந்தார்.

பாதி வழியில் தாயாரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைகளிடமும் ஏதாவது பேச வேண்டுமே என்று, உங்கள் ஊரிலும் இன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் சுற்றுமா என்று அனுஷாவைக் கேட்டாள்.

“இல்ல பெரியம்மா, ஹாலோவீன் அக்டோபர்லயே முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தானே நாங்க இங்க வந்தோம்” என்றாள் அனுஷா. “பெரியப்பாதான் இன்னிக்கு இன்னொரு தடவை வேஷம் போடச் சொன்னார். செல்லி அக்கா வீட்டுல மட்டும், பெரியம்மா உள்ள வர்ற வரைக்கும் எழுந்திருக்கவே கூடாதுன்னு சொன்னார்.”