அரசாணிக்குக் கோவணம்

கடைசிப் பிஞ்சும் விழுந்துவிட்டது.

குழந்தைசாமி குனிந்து எடுத்தார். கட்டைவிரல் பருமன், மஞ்சள் நிறம். அவர் கட்டிவிட்ட துணி கோவணம் மாதிரி அப்படியே இருந்தது. முடிச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முடிச்சுப் போடுவதில் மலைமேல் இருக்கிற அரியூர் நாட்டிலேயே தனக்கு நிகர் கிடையாது என்பது அவருடைய எண்ணம். அப்படி நிகரில்லாத காரியங்கள் அவருக்கு இன்னும் நிறைய இருந்தன. விடிந்ததும் தோட்டத்தின் நடுவில் நின்று எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிவிடுவார். கேட்க ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமில்லை.

மெட்ராசில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து விளக்குகளுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிய கோடை அது. அந்தச் சேதி மலையேறி வந்தபோது குழந்தைசாமி அசரவில்லை. அதற்கு முன்பே அவர் அரசாணிப் பிஞ்சுகளுக்குத் துணி கட்டியாகிவிட்டது. மற்ற சீமைக்காரர்கள் பரங்கிக்காய் என்கிறார்களே, அதுதான் அரசாணி.

அவருடைய ஜப்பான்காரன் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

அத்தாயி. புருஷன் போய்ச் சேர்ந்தபின் தனிக்கட்டை. தினமும் விடிந்ததும் வேலியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். அவர் தோட்டத்தையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள்.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினாலே அழுகிவிடும் என்பது மலையில் சிறுசுகளுக்கும் தெரியும். காட்டியே தீரவேண்டுமென்றால் விரலை மடக்கி மொளியால், அதாவது கணுவால், காட்டவேண்டும். எவ்வளவு பெரியது என்று மட்டும் வாய்திறந்து சொல்லவே கூடாது. விரலுக்கும் வாய்க்குமே இந்தப் பாடு என்றால், அப்படிப் பார்க்கிற கண்ணுக்கு?

மனைவி பொன்னாயியின் பழைய சேலை துண்டு துண்டானது. பூ விரியுமுன்பே ஒவ்வொன்றுக்கும் தலையோடு முக்காடு. தேனீக்கும் விலக்குக் கொடுக்கவில்லை. அதற்கும் கண் இருக்கிறதல்லவா?

பிஞ்சுகள் ஒவ்வொன்றாக வெம்பி விழுந்தன. அவள் பார்வை ஒரு சுற்றுத் துணியைத் துளைக்கிறது என்று கண்டுபிடித்த குழந்தைசாமி, இரண்டு சுற்றாகக் கட்டினார்.

"ஏனுங்க, அந்த அத்தாயி கண்ணு..." என்று பொன்னாயி ஒருநாள் ஆரம்பித்தாள்.

"அந்தக் கண்ணைப் பத்தித்தான் நானும் சொல்றேன். நீ துணியைக் கிழி."

"இனி நான் கட்டியிருக்கற சேலைதானுங்க பாக்கி. அவுத்துத் தரட்டுங்களா?"

அவர் அதைக் கொஞ்சநேரம் யோசிக்கத்தான் செய்தார்.

அவரையும் சும்மா சொல்லக்கூடாது. தேவனூர் நாட்டில் வாழ்க்கைப்பட்ட மகள் பழனியம்மாளுக்கு மசக்கை. தண்ணீர் குடித்தாலும் வயிற்றில் தங்கவில்லையாம். அப்பன் வீட்டு அரசாணிக்காய் என்றால் இரண்டு வாய் இறங்கும் என்று சொல்லியனுப்பியிருந்தாள். சம்பந்தி வீட்டுத் தோட்டத்திலும் அரசாணி காய்த்துக் கிடந்தது. அது அவளுக்கு வேண்டாமாம். இதைக் கேட்டதிலிருந்து குழந்தைசாமியின் மார்பு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

நாளைக்குப் புறப்படவேண்டும். கையில் இருந்ததோ வெம்பிய பிஞ்சு.

"ஏனுங்கண்ணா..."

வேலிப் பக்கமிருந்து அத்தாயியின் குரல். விழுந்த பிஞ்சுக்கும் கண் படுமா என்பது நிச்சயமில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று அதை மடியில் ஒளித்துக்கொண்டார்.

"சித்தெ இந்தப் பக்கம் வாரீங்களா? வேலியோரம் பாறாங்கல்லாட்டம் என்னமோ காலை இடறுது. தடவிப் பாத்தா காம்பு இருக்குது. உங்க ஊட்டுக் கொடிங்களாட்டம் இருக்குது."

வேலிச் சந்தில் புகுந்து போனார்.

கொடி ஒன்று அவருடைய துணிக்குத் தப்பி, வேலிக்கடியில் நுழைந்து, அத்தாயியின் புல்லுக்குள் ஓடியிருந்தது. அதன் நுனியில் முக்காடு இல்லாமல், கோவணம் இல்லாமல், ஒரு காய் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு பெரியது என்று இங்கே எழுதுவது முறையல்ல.

அத்தாயி பக்கத்தில் குந்தி அதை இரண்டு கைகளாலும் தடவிக்கொண்டிருந்தாள். முகம் மட்டும் ஓடைப் பக்கம் திரும்பியிருந்தது.

குழந்தைசாமிக்குப் பேச்சு வரவில்லை. அவருக்கு அது புதிது.

ஒரு விரலை மடக்காமல் நீட்டினார். அவள் கண்ணுக்கு நேராக, மெல்ல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்.

கண்கள் ஓடைப் பக்கமே இருந்தன.

"எப்ப இருந்து அத்தாயி?"

"அது போன அறுப்புலயே போயிருச்சுங்க. ஊட்டுல அண்ணிகிட்டச் சொன்னேனே!" அவள் சிரித்தாள். "பொழுது விடியறதே உங்க சத்தத்துலதானுங்கண்ணா தெரியுது. அதான் வேலியோரம் வந்து நிக்கறது. இன்னைக்குத்தான் என்னமோ சத்தத்தையே காணோம்."

அவள் கை காம்பைத் தடவிப் பார்த்தது.

"மஞ்சளாயிருச்சுங்களா? காய் எவ்வளவு பெருசுங்க?"

குழந்தைசாமி மகளை நினைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கிழிந்து கிடந்த சேலையையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் அத்தாயியின் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெருசு," என்றார்.

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. விடியற்காலைக் குரல் திரும்பி வந்துவிட்டது. இந்த நாட்டிலேயே இப்படியொரு காய் கிடையாது என்றார். கட்டிப்பிடித்தால்தான் தூக்க முடியும் என்றார். காம்போரம் இன்னும் பச்சை, நடுவில் தேன் நிறம், வெயில் பட்ட பக்கம் சாம்பல் பூத்திருக்கிறது என்று விரல் நீட்டி நீட்டி, ஊர் கேட்கச் சொன்னார்.

அத்தாயி வைத்த கண் வாங்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.