தகப்பன் சாட்சி

சாட்சிக் கூண்டில் ஏறி அவர் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

மகள் முன்வரிசையில் இருந்தாள். விவாகரத்து கேட்டிருப்பவள் அவள்தான். கொடுமை எதுவும் நடக்கவில்லை, அவளாகவே விட்டுவிட்டுப் போனாள் என்பது கணவன் தரப்பு.

மருமகனின் வக்கீல் சிரித்த முகத்தோடு எழுந்தார்.

"பெரியவரே, பொங்கலுக்கு வந்த பொண்ண, மாட்டுப்பொங்கல் முடிஞ்ச கையோட நீங்கதான பஸ் ஏத்தி விட்டீங்க?"

"ஆமாங்க."

"கூட்டத்துல முண்டியடிச்சு, ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிச்சுக் குடுத்தீங்களாமே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ஆமாங்க."

"கொடுமை நடக்குற வீட்டுக்கு எந்தத் தகப்பனாவது துண்டு போட்டு அனுப்புவானாய்யா?"

தட்டச்சு நின்றது. நீதிபதி நிமிர்ந்தார்.

அப்போது தெரியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால், கொடுமையைக் கண்ணால் பார்த்தவர் என்று அவளுக்கு ஒருவரும் இல்லை.

அந்தப் பொங்கலுக்கு அவள் முழுக்கை ரவிக்கைதான் போட்டிருந்தாள். அப்பா கண்ணில் படவில்லை என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

துவைக்கிற கல்லருகே அவள் கையை மடித்துவிட்டுக்கொண்டபோது அவர் பார்த்தார். இஸ்திரிப்பெட்டியின் முனை சுட்ட வடு. அச்சு எடுத்ததுபோல.

பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனார். அதைப் பற்றி மனைவியோடு தாழ்ந்த குரலில் கொஞ்சம் பேச்சு. வெளியே வந்து, காலை பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்.

கூண்டில் நின்றவர் நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்.

"தெரியுங்க. சூடு போட்டிருந்ததப் பாத்தேன். பாத்துட்டுத்தான் அனுப்புனேன்."

மருமகன் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தான்.

மகள் பார்க்கவில்லை.

நீதிபதி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, தட்டச்சு மறுபடி ஓடியது. படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் மகளின் வக்கீல் அவர் தோளைத் தட்டினார்.

"இதுக்கு மேல என்னங்கய்யா வேணும்? பாதி ஜெயிச்சாச்சு."

அவர் தலையை ஆட்டினார். வக்கீல் அடுத்த வழக்குக்கு ஓடினார்.

மகள் எதிரே வந்து நின்றாள். அழவில்லை. அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மாவுக்கும் தெரியுமாப்பா?"

வீட்டில் மனைவி இந்நேரம் இவர்கள் இருவருக்கும் சேர்த்து உலை வைத்திருப்பாள்.

இங்கே யாரும் அவரிடம் சத்தியம் வாங்கவில்லை.

"தெரியாதும்மா" என்றார்.