உடன் வராதவர்

பதினான்காவது கேள்வியில் பெனின் நின்றுவிட்டான்.

அதுவரை தடங்கல் இல்லை. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலையில் ஏறுவதற்கான படிவம். எட்டு நாள், வழிகாட்டியோடு. ரத்த வகை, பூட்ஸ் அளவு, சைவமா அசைவமா, மூட்டு வலி உண்டா, குறட்டை உண்டா. எல்லாவற்றையும் முதலில் நோட்டில் பென்சிலால் எழுதி, இரண்டு முறை சரிபார்த்து, பிறகுதான் லேப்டாப்பில் ஏற்றினான். குறட்டைக்கு மட்டும் மனைவியைக் கேட்டான்.

"உண்டுன்னு போடு. பக்கத்து டெண்டுல படுக்கிறவன் என்ன பாவம் செஞ்சான்" என்றாள் நாராயணி.

பதினான்கு: ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்? நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். மலைக்கு உடன் வராதவராக இருக்க வேண்டும்.

அவன் நாராயணியின் பெயரை எழுதியிருந்தான். அவள் படிவத்தில் அவனுடைய பெயர் இருந்தது. இரண்டும் சிவப்பெழுத்தில் திரும்பி வந்தன.

ஆறு மணிக்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் அந்த இரண்டு இடமும் காத்திருக்கும் வேறு யாருக்கோ போய்விடும். மணி ஐந்து.

பெனினின் அப்பாவும் அம்மாவும் சேத்தூர் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. நாராயணியின் அப்பா சக்ரபாணி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். இவர்கள் இருக்கும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். பெனினைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து, ஒன்பது வருடமாக, அவர் மகளோடு பேசவில்லை.

மலை நாராயணியின் ஆசை. பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுக்கிறாள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலும் பனி இருக்கிறது என்று வருடாவருடம் சொல்லிக்கொடுக்கிறவளை, ஒரு பிள்ளை எழுந்து "நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டது.

ஆசை அவளுடையது. திட்டம் பெனினுடையது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில், குன்றின் மேலிருக்கும் பெருமாள் கோயில் படிகளில்தான் பயிற்சி. சனிக்கிழமை தோறும் காலையில். நாராயணி உள்ளே போய்ச் சேவித்துவிட்டு வரும்வரை பெனின் வாசலுக்கு வெளியே நின்று நாடித் துடிப்பை எண்ணுவான்.

புது பூட்ஸைக் காலுக்குப் பழக்க வேண்டும் என்று பயண நிறுவனத்தின் குறிப்பில் போட்டிருந்ததால் வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு போவான். கோயில் படியில் பூட்ஸோடு ஏற முடியாது. அடிவாரத்தில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவான். ஆக, பூட்ஸ் பழகியது பைக்கின் கியருக்குத்தான்.

நோட்டில் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு வரி இருந்தது. ஏறிய நேரம், இறங்கிய நேரம், எத்தனை முறை நின்றான். ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. ‘பூட்ஸ் வைத்த இடத்தில் இல்லை. நிழலில் இருந்தது. மறதி?’

உயரத்தில் மறதி வரும் என்று படித்திருந்தான். தனக்கு அடிவாரத்திலேயே வந்துவிட்டதே என்பது அவன் கவலை.

நாராயணி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். இரண்டு படிவத்திலும் ஒரே பெயரை, ஒரே எண்ணைத் தட்டினாள். எண்ணை எதிலும் பார்த்து எழுதவில்லை.

"ஏட்டி, கேக்காமப் போட்டா எப்படி? இவங்க போன் போட்டு விசாரிப்பாங்களாம். அப்படி ஒருத்தியத் தெரியாதுன்னு அவிய சொல்லிட்டா?"

"ஒம்போது வருசமா அவிய இனிஷியலத்தான் போடுதேன். அதுக்கு யார்ட்டக் கேட்டேன்?"

அனுப்பும் பொத்தானையும் அவளே அழுத்தினாள். பிறகு அடுப்படிக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களைத் திரும்பக் கழுவ ஆரம்பித்தாள்.

ஐந்து முப்பத்திரண்டுக்கு போன் வந்தது. சென்னையில் பயண நிறுவனத்தில் படிவங்களைச் சரிபார்க்கும் யுவராணி. பெனின் ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், சக்ரபாணி சார்கிட்ட பேசிட்டேன். நீங்க ரெண்டு பேரும் அவருக்கு என்ன உறவுன்னு கேட்டேன்."

அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றது.

"மகளும் மருமகனும்னாரு. கன்ஃபர்ம் பண்ணிட்டேன். ஆனா உங்க படிவத்துல ஆறாவது கேள்வியை மாத்தணும் சார். மூட்டு வலி இல்லைன்னு போட்டிருக்கீங்க."

"இல்லையே மேடம்."

"அவர் சொன்னதை அப்படியே எழுதி வச்சிருக்கேன். ‘அவ ஏறிருவா. அந்தப் பையன்தான் எறங்கும்போது வலது காலைத் தாங்கித் தாங்கி வைக்கான். கையில கம்பு ஒண்ணு குடுங்க.’"

பெனின் தன் வலது முழங்காலைக் குனிந்து பார்த்தான்.

"இன்னொண்ணும் சொன்னாரு. எனக்குத்தான் புரியலை. பூட்ஸை வெயில்ல கழட்டிப் போட வேண்டாமாம். அடியில ஒட்டின பசை விட்டுருமாம். ஒவ்வொரு வாட்டியும் குனிஞ்சு எடுத்து வைக்க அவரால ஏலலையாம்."

யுவராணி நன்றி சொல்லி போனை வைத்தாள்.

நாராயணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நோட்டை எடுத்தாள். கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள்.

"பதினொண்ணு" என்றாள். "ஒரு வாரம் விடலை."

மணி ஐந்து நாற்பது. பெனின் ஆறாவது கேள்வியில் ‘இல்லை’யை ‘உண்டு’ என்று மாற்றி அனுப்பினான். அது போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு முறை பார்த்தான்.

பிறகு ரப்பரைத் தேடி எடுத்து, நோட்டில் ‘மறதி?’ என்று இருந்த பதினோரு இடத்திலும் அழித்தான்.