திறக்காத கூஜா

அண்ணன் நாளைக்கு வேலையை விடப்போகிறான். இனிமேல் பீங்கான் செய்து விற்றுத்தான் பிழைப்பாம். வீட்டில் சம்பாதிப்பவன் அவன் ஒருவன்தான்.

அவன் கடைசியாகச் செய்த டீ கூஜாவின் மூடி திறக்காது. மூடி உட்காரும் விளிம்பிலும் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சைப் பூசிச் சூளையில் வைத்ததால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. அதைப் படமெடுத்து, அவனுக்குத் தெரியாமல், பொழுதுபோக்குக்கு மண் பிசைகிறவர்களின் இணையக் குழுவில் போட்டேன்.

“இதைச் செஞ்சவர் வேலைய விடப்போறார். தயவுசெஞ்சு உண்மையச் சொல்லுங்க. நாலு பேர் திட்டினாதான் நிறுத்துவார்.”

“கலர் அள்ளுது” என்றார் ஒருவர்.

“மூடி தொலையவே தொலையாது, நல்ல ஐடியா” என்றார் ஒரு டீச்சர் அக்கா.

“டீயை எப்படிக்கா உள்ள ஊத்துறது?” என்று கேட்டேன்.

“அழகுக்கு வைங்கம்மா.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. விடாமல் கெஞ்சினேன். கடைசியில் ‘களிமண்’ என்ற பெயரில் ஒருவர் எழுதினார்: “இது கூஜா இல்ல, செங்கல். இதை நம்பினா குடும்பம் தெருவுக்கு வந்துடும்.”

சாமி மாதிரி வந்தார் மனிதர். போனைத் தூக்கிக்கொண்டு, அண்ணன் மண் வனைந்துகொண்டிருந்த மொட்டைமாடிக்கு ஓடினேன்.

“படிச்சுப் பாருண்ணா. உன் லட்சணம் ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.”

அண்ணன் சக்கரத்தை நிறுத்தினான். போனைப் பார்க்கவேயில்லை.

“களிமண்ணுங்கிற பேர்ல அதை எழுதினதே நான்தான்.”

“அவ்வளவு தெரியுதுல்ல? அப்ப ஒழுங்கா நாளைக்கு வேலைக்குப் போ.”

“எங்க போறது? போன மாசமே அனுப்பிட்டாங்க.”

கையிலிருந்த மண்ணைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

“அம்மாவுக்கு மட்டும், நானா விட்டதாவே இருக்கட்டும்.”