தாடை எந்த அடுக்கு?

"தோலும் நரம்பும் வெளி அடுக்கு. குடல் உள் அடுக்கு. எலும்பும் குருத்தெலும்பும் நடு அடுக்கு. கருவோட இந்த மூணு அடுக்குகூடத் தெரியாம இங்க எதுக்கு வந்தீங்க, அம்மணி?"

பேராசிரியர் ஹோல்ட்சர் கேட்டதும் ஆய்வுக்கூடமே சிரித்தது. எதிரே நின்ற மாணவி தெக்லா மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியும் ஐயா. நீர்ப்பல்லிக் கருவுக்குத்தான் தெரியல. அதோட தாடைக் குருத்தெலும்பு வெளி அடுக்குலேர்ந்து இறங்கி வருது. என் கண்ணால பார்த்தேன்."

"கண்ணாடியத் தொடைச்சுட்டுப் பார்த்தீங்களா?" என்றான் உதவியாளர் குர்ட். மறுபடியும் சிரிப்பு.

"முதல் நாளே நான் கருவை மெலிசா வெட்டிப் பண்ணின ஸ்லைடைக் குடுத்து, இதைப் பார்த்துப் பழகுங்கன்னு சொன்னேன். பழகின லட்சணம் இதுதானா?" என்றார் ஹோல்ட்சர். "தப்புன்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கோங்க. இல்லன்னா மேசையைக் காலி பண்ணுங்க."

1893-இல் ஃப்ரைபர்க்கில் பெண்களுக்குப் பட்டம் கிடையாது. பேராசிரியர் மனசு வைத்தால் ஓர் ஓரத்து மேசை கிடைக்கும், அவ்வளவுதான். அதுவும் போனால் அவள் நேரே ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். ஆனாலும் தெக்லா தலை குனியவில்லை.

"ஒத்துக்க மாட்டேன். மைக்ராஸ்கோப்புல ஸ்லைடு வச்சிருக்கேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

ஹோல்ட்சர் அலுத்துக்கொண்டே குனிந்தார். திருகைத் திருகினார்.

"மஞ்சள் கரு நிறைஞ்ச செல்லெல்லாம் நடு அடுக்கு, சரி. மஞ்சள் கரு கம்மியா இருக்கறது வெளி அடுக்கு. அது வரிசையா தாடைக்குள்ள..." அவர் மறுபடியும் திருகைத் திருகினார்.

"இறங்குதா ஐயா?"

"இறங்கற மாதிரி தெரியுது! கத்தியைக் கோணலா ஓட்டினா என்ன வேணாலும்தான் தெரியும்!" அவர் முகம் சிவந்துவிட்டது. "சாயம் வேற வழிஞ்சிருக்கு. கசாப்புக்காரன்கூட இதைவிட ஒழுங்கா வெட்டுவான்!"

குர்ட் தொத்திறைச்சி நறுக்குவதுபோல் கையை ஆட்டிக் காட்டினான். சிரிப்பு அடங்கும்வரை தெக்லா பொறுத்திருந்தாள்.

"அப்போ வெட்டின கைதான் சரியில்லைங்கறீங்க?"

"அந்தக் கைக்கு என் கூடத்துல இடமே கிடையாது!"

தெக்லா ஸ்லைடை மெல்ல எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்போ மேசையைக் காலி பண்ண வேண்டியது நீங்கதான் ஐயா. முதல் நாள் நீங்க குடுத்த ஸ்லைடு இது."