முந்திய தேர்

“இன்னிக்கும் அவதான் மேல நிக்கிறா!”

மங்கையர்க்கரசி போனை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். துடைத்ததால் ஒன்றும் மாறிவிடவில்லை. முதலிடத்தில் நித்யஸ்ரீ, ஒட்டினாற்போல அடுத்த இடத்தில் மங்கையர்க்கரசி.

அந்த நித்யஸ்ரீ, அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி, அதே கூடத்தில் ஃபேனுக்கு அடியில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். பழைய போன் நன்றாக இருக்கும்போதே புருஷன் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த புதுப் போன் அவள் கையில் மினுமினுத்தது. பார்க்கப் பார்க்க மங்கைக்கு வயிறு எரிந்தது.

ஒரு வீடியோ கேம் கம்பெனி புதிதாக விட்டிருக்கும் ஆப் அது. நாம் நடந்தால் திரையில் நம் பெயர் போட்ட தேர் நகரும், பாயிண்ட் ஏறும். கடைசி நாளில் மாவட்டத்திலேயே யார் தேர் முந்தி நிற்கிறதோ அவருக்கு ஒரு ஸ்கூட்டர். காரைக்கால் மாவட்டம் கைக்குட்டை அளவுதானே, குரும்பகரத்தில் இருந்துகொண்டே பிடித்துவிடலாம் என்று மங்கை இறங்கிவிட்டாள். மற்றவர்களெல்லாம் எப்போதோ பின்தங்கிவிட்டார்கள். இந்த ஒருத்திதான் இடறல்.

ஸ்கூட்டர் ஆசை மட்டும் என்றால்கூடப் போகட்டும். நித்யா இந்த வீட்டில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து அவள் படிப்புக்குப் பேர், அவள் வைக்கிற குழம்புக்குப் பேர். வயலிலிருந்து திரும்பும் மங்கையின் கையிலிருந்து கூடையை வாங்க வாசலுக்கே ஓடிவருகிறாளே, அந்த மரியாதைக்குத் தெருவெல்லாம் பேர். இந்த ஒன்றிலாவது அவளை முந்திவிட வேண்டும் என்று மங்கைக்கு வெறியே பிடித்திருந்தது.

நேர்வழியில் வயலுக்குப் போகிறவள், இப்போது குளத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். அப்புறம் கோயிலையும் சேர்த்துச் சுற்றினாள். வயலில் பசியோடு காத்திருந்த புருஷன் கலைவாணன் கத்தித் தீர்த்ததுதான் மிச்சம். அவள் தேர் எவ்வளவு நகர்ந்ததோ, அதற்கு மேல் ஒரு பிடி நித்யாவின் தேர் நகர்ந்திருந்தது.

“நீ எப்பதாண்டி நடக்குற?” என்று கேட்டேவிட்டாள்.

“நீங்க வயலுக்குப் போன பெறகு கொல்லையில சுத்திச் சுத்தி வருவேங்க்கா.”

மங்கை நம்பவில்லை. தன் குழந்தையின் தூளியில் நித்யா போனைக் கட்டி ஆட்டுகிறாளோ என்று ஒருநாள் நைசாகத் தூளிக்குள் கைவிட்டுத் துழாவினாள். போன் அகப்படவில்லை, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைதான் வீல் என்று கத்தியது.

நடுவில் ஒரு நாள் மங்கைக்குக் காய்ச்சல். பாயை விட்டு எழவில்லை. கலைவாணனே வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். சாயங்காலம் போனை எடுத்துப் பார்த்தால், அவள் தேரும் நகரவில்லை, நித்யாவின் தேரும் நகரவில்லை.

“ஏண்டி, இன்னிக்கு நீ நல்லா முந்தியிருக்கலாமுல்ல?”

“நீங்க படுத்துக் கெடக்கையில எனக்கு என்னக்கா நடை வேண்டியிருக்கு? மனசே வரலை.”

மங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பெண்ணைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று இருந்தது. ஆனால் காய்ச்சல் இறங்கியதும் அந்தப் பாசமும் கூடவே இறங்கிவிட்டது. மறுநாளே பழைய பொறாமை தலையைத் தூக்கிக்கொண்டது.

இன்று போட்டிக்குக் கடைசி நாள். சமைத்துக் கட்டிக் கொடுப்பது சின்னவள், வயலுக்குக் கொண்டுபோவது பெரியவள் என்பது அந்த வீட்டு ஏற்பாடு. நித்யா வழக்கம்போல் டிபன் கேரியரை வயர் கூடையில் வைத்து எடுத்துவந்தாள்.

“அடியில துணி மடிச்சு வச்சிருக்கேங்க்கா, கேரியர் அலுங்காம இருக்கும். அத எடுத்துராதீங்க.”

“தெனமும் சொல்லணுமா? எனக்குத் தெரியாது?”

“இன்னிக்கும் சுத்திதான் போவீங்களாக்கா?”

“போவேன். ஏன், பயம் வந்துடுச்சா?”

“எனக்கென்ன பயம்? நல்லா சுத்திட்டே வாங்க” என்று நித்யா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளத்தை ஒருமுறைக்கு இருமுறை சுற்றினாள். கோயிலைச் சுற்றினாள். சாமிகூட இப்படிச் சுற்றியிருக்காது. மதிய வெயிலில் புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ள, வேப்பமரத்தடிக்கு வந்தபோது அவளால் மேற்கொண்டு ஓர் எட்டு வைக்க முடியவில்லை. கூடையை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

இடுப்பில் செருகியிருந்த போன் திடீரென்று ஒரு பெண்ணின் குரலில் பேசியது.

“ஏன் நின்னுட்டீங்க, மங்கையர்க்கரசி? நடங்க!”

தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் நினைவுக்கு வந்தது, இனிமேல் ஆப் பேசும், உற்சாகம் கொடுக்கும் என்று கம்பெனிக்காரன் காலையில் அறிவிப்பு அனுப்பியிருந்தான். முழுப் பேரைச் சொல்லி இவ்வளவு மரியாதையாக அவளை யாரும் கூப்பிட்டு வெகுநாளாகிவிட்டது. மங்கைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“தோ நடக்குறேன் தாயி! இன்னிக்கு அவளா நானான்னு பாத்துடுறேன்” என்று சொல்லிக்கொண்டே கூடையைத் தூக்கக் குனிந்தாள்.

கேரியருக்கு அடியில், மடித்து வைத்த துணிக்குள்ளிருந்து அதே குரல் கேட்டது.

“ஏன் நின்னுட்டீங்க, நித்யஸ்ரீ? நடங்க!”