மணி அடிக்கும் உயரம்

மணி அடித்ததும் சமையலறையில் ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்தது. சந்தோஷத்தில் அந்த வீட்டு அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை போலிருக்கிறது என்று ஒயர் நினைத்துக்கொண்டாள்.

ஒயர் என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். பக்கவாதம் வந்தவர்கள் வீட்டிலேயே பயிற்சி செய்ய மலிவாக ஒரு கருவி செய்கிறேன் என்று ஒன்றரை வருஷமாக மேசை நிறைய ஒயரைப் பரப்பி வைத்திருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

ஒரு சோப்பு டப்பா, பழைய கைக்கடிகாரப் பட்டை. உள்ளே, போனைச் சாய்த்தால் படத்தைத் திருப்பிவிடுகிறதே, அந்தச் சின்னச் சில்லு. மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் கை எவ்வளவு உயர்ந்தது என்று கணக்கு வைக்கும். குறித்த உயரத்தைத் தொட்டால் மணி அடிக்கும்.

ஏற்கெனவே இரண்டு வீடுகளில் டப்பாவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். இது மூன்றாவது வீடு. இங்கேயும் சொதப்பினால் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

"இன்னொரு தடவை தூக்குங்க சார்" என்றாள்.

பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்திருந்த பட்டறைக்காரர், அக்காவின் புருஷன், ஊன்றுகோலில் இடது கையை அழுத்தி நின்றபடி வலது கையைத் தூக்கினார். நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாத கை, மார்பைத் தாண்டி, தோள் உயரத்துக்கு வந்து நின்றது. மறுபடி மணி அடித்தது.

"கால் சீக்கிரமே தேறிடுச்சு. இதுதான் மக்கர் பண்ணிச்சு" என்றார், வார்த்தைகளை மெல்ல மெல்லக் கோத்து. "குளிக்கும்போது தவிர உன் டப்பாவைக் கழட்டறதே இல்ல. பழைய பலம் எப்ப வரும்?"

"இதே மாதிரி செஞ்சா இன்னும் ஒரு மாசத்துல வந்துடும் சார்."

"வரட்டும். இந்தக் கைக்கு நிறைய வேலை பாக்கி கிடக்கு."

பட்டறையைத்தான் சொல்கிறார் என்று ஒயர் தலையாட்டினாள். இரண்டு தரம் மணி அடித்தும் அக்கா மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒயரே எழுந்து உள்ளே போனாள்.

பாத்திரம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. தண்ணீர் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பின்கதவை ஒட்டி நின்றிருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, சார் கை தோள் வரைக்கும் வந்துடுச்சு!"

"கேட்டுச்சு."

சமையலறையிலும் ஒரு மணி வேண்டும் என்று முதல் நாளே அடம்பிடித்து வைக்கச் சொன்னவள் இவள்தான். புருஷன் கை அசைவது அடுப்படியிலும் தெரியணுமாம் என்று ஒயர் அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோயிருந்தாள்.

"இந்த உயரத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமாம்மா?" அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மார்பு வரைக்கும் வந்தாலே அடிக்கிற மாதிரி?"

"அது தப்புக்கா. மணி அடிச்சிடுச்சே, போதும்னு அவர் அங்கேயே நிறுத்திடுவார். அப்புறம் கை மேல வரவே வராது."

அதைக் கேட்டதும் அக்காவின் கண்ணில் ஒரு ஆசை வந்து போனதை ஒயர் பார்த்துவிட்டாள்.

இவளுக்குப் புருஷன் தேறுவதில் இஷ்டம் இல்லையோ? பட்டறை, வீடு, இடுப்பில் செருகிய சாவிக்கொத்து என்று என்னென்னவோ மனசில் ஓடியது. இப்படிப்பட்டவளிடம் நோயாளியை விட்டுவிட்டுப் போவதா என்று பயமாக இருந்தது.

"மறைக்காம சொல்லுங்கக்கா. அவருக்குச் சரியாகறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"ஐயையோ, அவர் மணியை நீ தொடவே வேணாம். அவர் பாட்டுக்குத் தூக்கட்டும், உன் கருவிக்கும் நல்ல பேர் வரட்டும். இங்க இருக்கிற மணி மட்டும் முன்னாடியே அடிக்கணும்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

அக்கா கூடத்துப் பக்கம் பார்த்தாள். அவருடைய ஊன்றுகோலின் அடியில் ரப்பர், நடந்து வந்தால் சத்தமே கேட்காது. அவள் கை பின்கதவின் தாழ்ப்பாளை மெல்ல விலக்கியது.

"தோள் வரைக்கும் வந்தப்புறம் அடிச்சா, எனக்கு ஓடறதுக்கு நேரம் பத்தாதும்மா."